வெளியே தெரியாத மாதங்கள்

“போன தடவை தை மாசம் வந்துச்சு டாக்டர். ஆடி முடியப்போகுது, இன்னும் காணோம்.” “மூணு மாசம்கூட ஆகலை, மறுபடியும் ரத்தம் படுது.” “ரெண்டு வயசாகப் போகுது, இன்னும் ஒரு தடவைகூடப் பருவத்துக்கு வரலை.” பெட்டை நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அடிக்கடி கொண்டுவரும் கவலைகள் இவை. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. பெண்களுக்கு மாதம் ஒருமுறை, பசுவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை, நாய்க்கு 6 மாதத்துக்கு ஒருமுறை. அந்தக் கணக்கு தப்பினால் உடம்பில் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள்.

அந்தப் பயம் சில வீடுகளில் நியாயமானது. இன்னும் பல வீடுகளில் நாய் நன்றாகத்தான் இருக்கிறது. 6 மாதம் என்ற எண்தான் அதற்குப் பொருந்தவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க, கண்ணுக்குத் தெரியும் மூன்று வாரத்தை மட்டும் கவனித்தால் போதாது. எந்த அறிகுறியும் இல்லாமல் கடந்துபோகும் மாதங்களில் நாயின் உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முறை தவறுவதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ரத்தம் எப்போது, ஏன்?

விலங்குகளின் இனப்பெருக்கச் சுழற்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பெயரிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த உயிரியலாளர் வால்டர் ஹீப். ஒரு முயலின் கருவை இன்னொரு முயலுக்கு மாற்றி, 1890இல் அதைக் குட்டியாகப் பிறக்க வைத்தவர் அவர். 1900இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முன்பருவம், பருவம், பின்பருவம், ஓய்வுக்காலம் என்ற பாகுபாட்டுக்கு அடித்தளம் போட்டார். ஒரு பருவகாலத்தில் ஒரே ஒரு சுழற்சி மட்டும் வரும் விலங்குகளைத் தனி வகையாக அடையாளம் காட்டியதும் அவர்தான். நாய் அந்த வகையைச் சேர்ந்தது. பசு சினை பிடிக்காவிட்டால் மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். நாய்க்கு அந்த வசதி இல்லை. ஒரு வாய்ப்பு தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முன்பருவம் சராசரியாக 9 நாள். சில நாய்களுக்கு 3 நாளிலேயே முடியும், சிலவற்றுக்கு 3 வாரம் வரை நீளும். சினைப்பையில் முட்டைகளைத் தாங்கிய கொப்புளங்கள் வளர்கின்றன. அவற்றிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீர் சுரக்கிறது. பிறப்புறுப்பு வீங்குகிறது, ரத்தம் கலந்த கசிவு வருகிறது. தெருவில் உள்ள ஆண் நாய்கள் வாசலில் வந்து கிடக்கும். ஆனால் பெட்டை அவற்றை நெருங்க விடாது. உறுமும், கடிக்க வரும், வாலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அடுத்து வருவது உண்மையான பருவம். இதுவும் சராசரியாக 9 நாள்தான். ஈஸ்ட்ரோஜன் இறங்கத் தொடங்குகிறது, புரோஜெஸ்டிரோன் ஏறத் தொடங்குகிறது. இந்த இறக்கமும் ஏற்றமும் சேர்ந்துதான் பெட்டையின் மனநிலையை மாற்றுகின்றன. நேற்றுவரை விரட்டிய ஆண் நாய்க்கு இன்று வாலை ஒருபக்கம் ஒதுக்கி நின்று கொடுக்கும். சிவப்பாக இருந்த கசிவு வைக்கோல் நிறத்துக்கு வெளிறும்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. ரத்தம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நாயை வெளியே அவிழ்த்து விடுகிறார்கள். பெண்களுக்கு வரும் மாதவிடாயையும் நாய்க்கு வரும் ரத்தத்தையும் ஒன்றாக நினைப்பதால் வரும் விளைவு இது. மாதவிடாய் என்பது கரு தங்காதபோது புரோஜெஸ்டிரோன் குறைந்து, கருப்பையின் உள்படலம் உதிர்வது. அது ஒரு சுழற்சி முடிந்ததன் அடையாளம். நாயில் உள்படலம் அப்படி உதிர்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏறும் வேகத்தில் கருப்பையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் புடைத்து, அவற்றின் வழியாக ரத்தம் கசிகிறது. அது ஒரு சுழற்சி தொடங்கியதன் அடையாளம். ரத்தம் வெளிறும் நாட்கள்தான் சினை பிடிக்கும் நாட்கள்.

பக்குவமாகாமல் வெளிவரும் முட்டை

பாலூட்டிகளின் முட்டையை மனிதன் முதன்முதலில் கண்டது ஒரு பெட்டை நாயிடம்தான். 1827இல், அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில், கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் என்ற கருவியலாளர் தன் சக பேராசிரியர் புர்டாக் வீட்டு நாயின் சினைப்பையை அறுத்துப் பார்த்தார். கொப்புளம் ஒன்றுக்குள் மஞ்சள் வெண்மையாக ஒரு புள்ளி தெரிந்தது. கத்திமுனையால் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தவர், கண்ட காட்சியில் திகைத்துப் பின்வாங்கினார். இரண்டாம் முறை பார்க்கவே துணிவை வரவழைத்துக்கொள்ள வேண்டியிருந்ததாகப் பின்னாளில் எழுதினார். மனிதர் உட்பட எல்லாப் பாலூட்டிகளும் முட்டையிலிருந்தே உருவாகின்றன என்ற உண்மை அன்று ஒரு வீட்டு நாயின் உடம்பிலிருந்து வெளிப்பட்டது.

அந்த முட்டைக்கு ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலான பாலூட்டிகளில் முட்டை வெளிவரும்போதே கருத்தரிக்கத் தயாராக இருக்கும். நாயின் முட்டை பக்குவம் அடையாமலே வெளிவருகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். என்ற இயக்குநீர் திடீரென்று பொங்குகிறது. சுமார் 2 நாள் கழித்து முட்டைகள் வெளிவருகின்றன. அவை கருக்குழாயிலேயே தங்கி மேலும் 2, 3 நாள் பக்குவப்படுகின்றன. எனவே எல்.எச். பொங்கிய 4ஆம் நாளிலிருந்து 7ஆம் நாள் வரைதான் சினை பிடிக்க ஏற்ற காலம். ஆணின் விந்தணு பெட்டையின் உடலில் ஒரு வாரம்வரை உயிரோடு காத்திருக்கக் கூடியது என்பதால், சற்று முன்னதாக இணை சேர்ந்தாலும் குட்டி தங்கிவிடுகிறது. ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள் இருப்பதும் இதனால்தான்.

ஆய்வகங்களையும் இந்த இயல்பு நெடுங்காலம் தடுத்து வைத்தது. சோதனைக்குழாய் முறையில் நாய்க்குட்டிகள் பிறந்தது 2015இல்தான், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் முயற்சியால். முட்டைகளை மேலும் ஒரு நாள் கருக்குழாயில் விட்டுவைத்து எடுத்தது அவர்களின் வெற்றிக்கு ஒரு காரணம்.

ஓய்வுக்காலம்

முட்டை வெளிவந்த கொப்புளங்கள் திரண்டு புரோஜெஸ்டிரோனைச் சுரக்கின்றன. இந்தப் பின்பருவம் சுமார் 2 மாதம். இதில் நாய்க்கே உரிய ஒரு விந்தை உண்டு: சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் அளவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சினையில்லாத நாயின் உடம்பும் 2 மாதம் சினைநாயின் உடம்பைப் போலவே நடந்துகொள்கிறது. முடிவில் புரோஜெஸ்டிரோன் இறங்க, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. அப்போது சில நாய்களுக்கு மடி வீங்கும், பால்கூட வரும். பழைய துணிகளை இழுத்துக் குவித்துப் படுக்கை அமைக்கும். பொம்மையைக் குட்டியாக்கிக் காவல் காக்கும். இதுதான் பொய்ச்சினை. சிறு அளவில் இது இயல்பான ஒன்று. பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

பிறகு வருவது ஓய்வுக்காலம். சராசரியாக 4, 5 மாதம். வெளியே எதுவும் தெரியாது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அடிமட்டத்தில் கிடக்கும். ஆனால் உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, கருப்பையைச் சீர்செய்யும் வேலை. 2 மாதம் புரோஜெஸ்டிரோனின் ஆட்சியில் தடித்துப்போன உள்படலம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சுழற்சி தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 4 மாதம் ஆகும். குட்டி போட்டிருந்தால் 5 மாதம்வரை ஆகும். இது முடிவதற்குள் அடுத்த பருவம் வந்துவிட்டால், முட்டை வெளிவரும், இணையும் சேரும், ஆனால் கரு ஒட்டி வளர இடம் தயாராக இருக்காது. அடிக்கடி பருவத்துக்கு வரும் நாய் அடிக்கடி குட்டி போடும் என்று நினைப்பது தவறாவது இதனால்தான்.

இரண்டாவது, மூளை எடுக்கும் முடிவு. ஓய்வுக்காலத்தின் இறுதியில் பிட்யூட்டரியிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகிய இயக்குநீர்களின் துடிப்புகள் மாறுகின்றன, சினைப்பை விழிக்கிறது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைத் தூண்டும் கேபர்கோலின் போன்ற மருந்தைக் கொடுத்தால் ஓய்வுக்காலம் சுருங்கி, நாய் முன்கூட்டியே பருவத்துக்கு வருகிறது. நீண்ட காலமாகப் பருவத்துக்கு வராத நாய்களுக்கு மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஓய்வுக்காலத்தின் கடிவாளம் மூளையின் கையில் இருப்பதற்கு இதுவே சான்று.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பருவமும் பருவமும் சேர்ந்து சராசரியாக 3 வாரத்துக்குள், பின்பருவம் 2 மாதம். இவை நாய்க்கு நாய் சில நாட்களோ, மிஞ்சினால் சில வாரங்களோதான் மாறுபடும். ஓய்வுக்காலம் மட்டும் மாதக்கணக்கில் மாறுபடக்கூடியது. இரு பருவங்களுக்கு இடையே உள்ள காலத்தை நீட்டுவதும் குறுக்குவதும் பெரும்பாலும் இதுதான்.

இனத்துக்கு இனம் மாறும் இடைவெளி

ஒரு பருவத்தின் முதல் ரத்தத் துளியிலிருந்து அடுத்த பருவத்தின் முதல் துளி வரை எண்ணினால், நாய்களின் சராசரி இடைவெளி சுமார் 7 மாதம். 5 மாதம் முதல் 12 மாதம் வரை எதுவும் இயல்பாக இருக்கலாம். தையில் வந்த நாய் ஆடிக் கடைசியில் வரவில்லை என்றால் அது இன்னும் சராசரியைக்கூடத் தாண்டவில்லை.

ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் பல 5 மாதத்துக்கு ஒருமுறை வரும். அந்த இனத்துக்கு அது குறையல்ல. திபெத்திய மாஸ்டிஃப் ஆண்டுக்கு ஒருமுறை. ஆப்பிரிக்காவின் பசெஞ்சியும் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். நாயின் மூதாதையான ஓநாயும் ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆஸ்திரேலியாவின் டிங்கோவும் அப்படியே. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பசெஞ்சியையும் காக்கர் ஸ்பானியலையும் கலப்பினம் செய்து, அவற்றின் சந்ததி எப்போது பருவத்துக்கு வருகிறது என்று தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பழக்கம் மரபணு வழியாக இறங்குவதை அவர்களின் ஆய்வுகள் காட்டின.

நம் ஊர்த் தெருநாய்களுக்கும் ஒரு காலம் உண்டு. மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணை சேரும் கூட்டம் அதிகமாகத் தெரியும். குளிர் மாதங்களில் தெருவெங்கும் குட்டிகள். வங்காளத்திலும் ஜெய்ப்பூரிலும் தெருநாய்களை ஆராய்ந்தவர்களும் ஆண்டின் ஒரு பகுதியில் இனப்பெருக்கம் குவிவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டுநாய் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பருவத்துக்கு வந்தால், பக்கத்து வீட்டு பொமரேனியனோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

வயதும் கணக்கில் சேரும். சிறிய இன நாய்கள் 6 முதல் 10 மாதத்தில் முதல் பருவத்தைக் காணும். பெரிய இனங்கள் ஒன்றரை, இரண்டு வயதுவரை எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டு, மூன்று சுழற்சிகள் ஒழுங்கில்லாமல் இருப்பது சகஜம். முதுமையில் இடைவெளி நீளும்; ஆனால் பெண்களுக்கு நிற்பதுபோல நாய்க்கு ஒரேயடியாக நிற்பதில்லை.

முறை தவறும் விதங்கள்

இயல்பான எல்லைகளை ஒதுக்கிவிட்டால், மீதமுள்ளவற்றைச் சில வகைகளாகப் பிரிக்கலாம்.

ஊமைப் பருவம்: உள்ளே எல்லாம் முறைப்படி நடக்கும், முட்டையும் வெளிவரும். வீக்கமும் கசிவும் மட்டும் மிகக் குறைவாக இருக்கும். நாய் நக்கியே சுத்தம் செய்துவிடும். நீண்ட ரோமம் உள்ள இனத்தில் எதுவும் தெரியாது. முதல் பருவத்தில் இது அதிகம். “ஒரு வருஷமா வரலை” என்று சொல்லப்படும் பல நாய்கள் இடையில் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் வந்து போனவை.

பிரிந்து வரும் பருவம்: முன்பருவ அறிகுறிகள் எல்லாம் தோன்றும், ஆண் நாய்களும் கூடும், பிறகு திடீரென்று அடங்கிவிடும். கொப்புளங்கள் முட்டையை விடாமலே சுருங்கிப்போயிருக்கும். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் வரும், இம்முறை முட்டையும் வரும். இளம் நாய்களில் இது அடிக்கடி நடப்பது, மருத்துவம் தேவையில்லை. இரண்டாவது முறை சினை பிடிக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மிகக் குறுகிய இடைவெளி: 4 மாதத்துக்குள் திரும்பத் திரும்ப வந்து, இணை சேர்த்தும் சினை நிற்காவிட்டால், கருப்பை சீரடைய நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். பரிசோதனை தேவை.

மிக நீண்ட இடைவெளி: நடுவயது நாய் ஓராண்டைத் தாண்டியும் வராவிட்டால் காரணம் தேடலாம். புரோஜெஸ்டிரோனைத் தொடர்ந்து சுரக்கும் சினைப்பைக் கட்டி, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு, சொறிக்கும் அரிப்புக்கும் நீண்ட நாள் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை, சரியான ஊட்டம் இல்லாமை எனப் பட்டியல் நீளும். மருத்துவர்கள் தைராய்டு அளவையும் பார்ப்பார்கள்.

நிற்காத பருவம்: மூன்று வாரத்தைத் தாண்டியும் ரத்தம் குறையாமல் வீக்கமும் அப்படியே இருந்தால், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் கொப்புளக் கட்டியோ, அரிதாகச் சினைப்பைப் புற்றோ இருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மிகுதியான ஈஸ்ட்ரோஜன் நாயின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, ரத்த அணுக்கள் உருவாவதையே முடக்கிவிடும்.

பருவமே வராத நாய்: 2 வயது தாண்டியும் ஒருமுறைகூட வரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த நாய்க்கு முன்பே கருத்தடை அறுவை செய்யப்பட்டிருக்கிறதா என்பது. தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்த நாயானால் இது மிகவும் சாத்தியம். அரிதாகப் பிறவியிலேயே குரோமோசோம் மாறியிருக்கும். நாய்க்கு 78 குரோமோசோம்கள். ஒரு எக்ஸ் குறைந்து 77 உள்ள பெட்டைகளும், ஒரு எக்ஸ் கூடி 79 உள்ள பெட்டைகளும் பதிவாகியிருக்கின்றன.

அறுவைக்குப் பிறகும் வரும் பருவம்: சினைப்பையின் சிறு துணுக்கு வயிற்றில் தங்கிவிட்டால் அது மீண்டும் உயிர்பெற்று இயக்குநீரைச் சுரக்கும். இதற்கு எதிர்பாராத இன்னொரு காரணமும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள் சிலர் தோலில் ஈஸ்ட்ரோஜன் களிம்போ தெளிப்போ பூசிக்கொள்கிறார்கள். அந்தக் கையை நாய் நக்கினாலோ, அந்தக் கையால் நாயைத் தூக்கிக் கொஞ்சினாலோ மருந்து நாயின் உடலுக்குள் போகிறது. அறுவை செய்த நாய்க்கும் பிறப்புறுப்பு வீங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவர் வீட்டில் உள்ளவர்களின் மருந்துகளையும் விசாரிப்பது இதற்காகத்தான்.

கண்ணாடி வில்லையில் பதியும் பருவம்

நாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறியும் எளிய வழிக்கு நூற்றாண்டு வயது. 1917இல் நியூயார்க்கில் சார்லஸ் ஸ்டாக்கார்டும் ஜார்ஜ் பாப்பனிக்கலாவும் கினிப்பன்றிகளின் யோனிப் பாதையில் உதிரும் செல்களைத் தினமும் நுண்ணோக்கியில் பார்த்து, சுழற்சியின் கட்டங்களைக் கணித்தார்கள். பெண்களின் கருப்பைவாய்ப் புற்றைக் கண்டறியும் பாப் சோதனை பின்னாளில் இதே பாப்பனிக்கலாவிடமிருந்து பிறந்தது. நாயின் சுழற்சியை விரிவாக ஆராய்ந்து ஹெர்பர்ட் எவன்ஸும் ஹரால்டு கோலும் கலிஃபோர்னியாவில் 1931இல் வெளியிட்டார்கள்.

செய்முறை சில நிமிட வேலை. உப்புநீரில் நனைத்த பஞ்சுக்குச்சியை யோனிப் பாதையில் மெதுவாகச் செலுத்திச் சுழற்றி எடுத்து, கண்ணாடி வில்லையின் மேல் உருட்டி, காயவைத்துச் சாயமேற்றுவார்கள். நாய் சற்று நெளியும், அவ்வளவுதான். ஓய்வுக்காலத்து வில்லையில் சிறிய, உருண்டையான செல்கள் சிலவே இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் பெரிய உட்கரு. முன்பருவத்தில் சிவப்பணுக்கள் நிறைந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறஏற யோனிச்சுவர் தடித்து, அதன் செல்கள் பெருத்துத் தட்டையாகின்றன. பருவத்தின் உச்சத்தில் பத்தில் எட்டு, ஒன்பது செல்கள் விளிம்பு மடங்கிய பெரிய தகடுகளாக இருக்கும். உட்கரு சுருங்கியோ காணாமலோ போயிருக்கும். பின்னணி துடைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். பிறகு ஒரே நாளில் காட்சி மாறிவிடும். சிறிய உருண்டைச் செல்களும் வெள்ளணுக்களும் கூட்டமாகத் திரும்பி வந்திருக்கும். அன்று பின்பருவம் பிறந்துவிட்டது, இணை சேர்க்கும் காலம் முடிந்தது.

இதோடு ரத்தத்தில் புரோஜெஸ்டிரோனையும் அளந்தால் படம் முழுமையாகும். மில்லிலிட்டருக்கு 2 முதல் 3 நானோகிராம் வந்தால் எல்.எச். பொங்கும் வேளை; 5 நானோகிராமைத் தாண்டினால் முட்டை வெளிவரும் வேளை. ‘ரத்தம் பட்ட 11ஆம் நாளில் இணை சேர்த்தேன், சினை பிடிக்கவில்லை’ என்று சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்கு மலட்டுத்தன்மை எதுவும் கிடையாது. சிலவற்றுக்கு முட்டை 7ஆம் நாளிலும் சிலவற்றுக்கு 20ஆம் நாளிலும் வெளிவந்திருக்கும். நாள் பார்த்ததுதான் தவறியிருக்கும். ஊமைப் பருவம் வந்து போனதா என்பதையும் இந்தச் சோதனை காட்டிவிடும். பருவம் வரவில்லை என்று நினைத்த நாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருந்தால், பெரும்பாலும் அது அண்மையில் வந்து போயிருக்கிறது.

பருவம்போலத் தோன்றும் நோய்கள்

பெட்டை நாயின் பின்பக்கம் ரத்தம் கண்டால் அது பருவம்தான் என்று முடிவு கட்டக் கூடாது. நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, இணை சேரும்போது தொற்றும் பாலுறுப்புக் கட்டி. பூக்கோசுபோல் சொரசொரப்பாக வளர்ந்து, தொட்டால் உதிர்ந்து, வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியும். இதைப் பரப்புவது கிருமி அல்ல; ஒரு நாயின் உயிருள்ள புற்றுச் செல்களே இன்னொரு நாயின் உடம்பில் ஒட்டி வளர்கின்றன. 2006இல் லண்டன் ஆய்வாளர்கள் மரபணுச் சான்றோடு இதை உறுதிசெய்தார்கள். உலகெங்கும் உள்ள இந்தக் கட்டிகள் எல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் செல்களிலிருந்து வந்தவை. வாரம் ஒருமுறை வின்கிறிஸ்டின் ஊசி சில வாரம் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுமையாகக் குணமடைகின்றன.

உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. அது ரத்தத்தட்டுகளைக் குறைத்துவிடுவதால், அந்த நேரத்தில் பருவம் வந்தால் கசிவு வழக்கத்தைவிட அதிகமாகவும் நீண்டும் இருக்கும். எலி மருந்து தின்ற நாய்க்கும் ரத்தம் உறையாது. ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கிலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தாலோ அது பருவத்தின் வேலையல்ல.

பருவம் முடிந்த பிறகு வரும் ஆபத்து

முறை தவறியதைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நாயின் உயிரைப் பறிக்கக்கூடிய பெரிய ஆபத்து முறைப்படி வந்துபோன பருவத்துக்குப் பிறகும் வரலாம். அது கருப்பையில் சீழ் பிடித்தல். மருத்துவர்கள் பயோமெட்ரா என்பார்கள். ஒவ்வொரு பின்பருவத்திலும் 2 மாதம் புரோஜெஸ்டிரோன் கருப்பைப் படலத்தைத் தடிக்க வைக்கிறது, சுரப்பிகளில் நீர் கோர்க்கிறது, கருப்பைவாயை மூடுகிறது, தசை சுருங்கி அழுக்கை வெளியேற்றுவதையும் தடுக்கிறது. பருவத்தின்போது உள்ளே நுழைந்த கிருமிகளுக்கு, பெரும்பாலும் குடலில் வாழும் ஈ. கோலைக்கு, அது நல்ல விளைநிலமாகிவிடுகிறது.

கருத்தடை அறுவை பரவலாக இல்லாத சுவீடனில், நாய்களின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது 10 வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெட்டை நாய்க்கு இந்த நோய் வந்திருந்தது தெரிந்தது.

அறிகுறிகள் பெரும்பாலும் பருவம் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் தோன்றும். நாய் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், சோர்ந்து படுத்துவிடும். பிறப்புறுப்பிலிருந்து நாற்றமடிக்கும் சீழ் வரலாம். கருப்பைவாய் மூடியிருந்தால் எதுவும் வெளியே வராது. அதுதான் இன்னும் ஆபத்தானது. வயதான நாய்க்கு ரத்தமோ சீழோ கண்டு, முறை தவறிய பருவம் என்று காத்திருந்த நாட்களில் உயிர் போன நாய்கள் ஏராளம்.

பருவத்தைத் தள்ளிப்போட ஊசி கேட்பவர்களுக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்த ஊசிகளில் இருப்பது புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. அது கருப்பையில் சீழ் பிடிப்பதற்கும் மடியில் கட்டி வருவதற்கும் வழி செய்கிறது. தெரியாமல் இணை சேர்ந்துவிட்ட நாய்க்குக் கரு தங்காமலிருக்கப் போடப்பட்ட பழைய ஈஸ்ட்ரோஜன் ஊசி, எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துப் பாதிக்கக்கூடியது. குட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்குக் கருத்தடை அறுவையே நேரான வழி. அவசரமில்லாதபோது அதைப் பருவம் முடிந்து 2, 3 மாதம் கழித்து, ஓய்வுக்காலத்தில் செய்வது நல்லது. ரத்த ஓட்டம் அப்போது குறைந்திருக்கும், பொய்ச்சினைத் தொல்லையும் வராது.

வீட்டில் செய்ய வேண்டியது

எந்த நாய்க்கு எது இயல்பு என்பதைச் சொல்ல அந்த நாயின் பழைய கணக்கைவிட நல்ல சான்று இல்லை. அதை எழுதி வைக்கக்கூடியவர் வளர்ப்பவர் ஒருவர்தான். ஒவ்வொரு முறையும் நான்கு விவரங்களைக் குறித்தால் போதும்: முதல் ரத்தம் கண்ட தேதி, கசிவு வெளிறிய தேதி, ஆண் நாயை நெருங்க விட்ட நாட்கள், வீக்கம் முழுதும் வடிந்த தேதி. பருவம் நெருங்கும் மாதத்தில் காலையில் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்த்தால் ஊமைப் பருவம்கூடத் தப்பாது. தோலுக்கோ காதுக்கோ கொடுத்த மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மூன்று சுழற்சிகள் பதிவான பிறகு, உங்கள் நாயின் சொந்த இடைவெளி உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த இடைவெளியிலிருந்து ஒரு மாதம் முன்பின் ஆனால் பொறுத்திருக்கலாம். 4 மாதத்துக்குள் மீண்டும் மீண்டும் வந்தால், முன்பு ஒழுங்காக வந்த நடுவயது நாய் ஓராண்டைத் தாண்டினால், 2 வயதுவரை ஒருமுறையும் வராவிட்டால், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்தம் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அந்த வாரமே போங்கள். பருவம் முடிந்த ஒன்று, இரண்டு மாதத்தில் உங்கள் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.